தங்கவயல் சயனைடு மலையைத் தோண்டினால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

மாரிக்குப்பத்தான்:
கோலார் தங்கவயலில் இருக்கும் 13 சயனைடு மேடுகளை (சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சுரங்கக் கழிவு மண்), மொத்தம் ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், மறுபடி தோண்டித் தங்கம் எடுக்க மத்திய அரசுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் கொடுத்தது. நம்ம ஊர் ஆட்களே அதை வேண்டாம் என்கிறார்கள், ஏன் என்று எனக்குப் புரியவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள், பெமல் என்ற இயந்திரத் தொழிற்சாலையை விட்டால் இன்றைக்கும் சொல்லிக்கொள்ள ஒரு பெரிய தொழில் இல்லை. 3 கோடி டன்னுக்கு மேல் மண் சும்மா கிடக்கிறது, தங்கம் விலையோ எங்கேயோ போய்விட்டது. அள்ளினால் என்ன?

ஊரிகம் பேத்தி:
அண்ணே, விலையைக் காட்டி ஆசை காட்டாதீங்க. அந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. அப்படிப்பட்ட மண்ணை ஆள் வைத்து அள்ளினால் கட்டுப்படியாகுமா? பொக்லைனும் டிப்பரும்தான் வரும், ஓட்ட நாலு பேர், கேட்டில் வாட்ச்மேன் ரெண்டு பேர். எங்க தெரு பசங்க அப்பவும் விடியறதுக்கு முன்னாடி பெங்களூர் ரயிலைத்தான் பிடிக்கணும், நானும்தான். போக வர நாலு மணி நேரத்துக்கு மேல், அதில் பாதி நாள் நின்றுகொண்டே. ரயில் கிளம்புகிற மாரிக்குப்பத்திலேயே ஏறுகிற உங்களுக்கு சீட் கிடைத்துவிடும், சரி.

மாரிக்குப்பத்தான்:
சீட் பிடிக்க நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன் என்று கேளு தாயி. ஆடிக் காற்றில் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் பூத்துப்போகுது, சோறு வாயில் வைத்தால் நறநறங்குது என்று போன மாசம் இங்கே புலம்பியது நீதானே? அந்தப் பொடியைத்தானே அள்ளப்போகிறார்கள்.

ஊரிகம் பேத்தி:
அள்ளி எங்கே கொண்டுபோவார்கள் என்று யோசித்தீர்களா? மறுபடி அரைப்பார்கள், மறுபடி சயனைடு கரைசலில் ஊறவைப்பார்கள், எடுத்தது போக மிச்சம் அதே அளவு மண் இங்கேயேதான் கிடக்கும். மலை இடம் மாறும், அவ்வளவுதான்.

பெங்களூர்வாசி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் தங்கவயல்காரன் இல்லை. ஆனால் 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து கரண்ட் கொண்டுவந்த ஊர், பெங்களூர் தெருவுக்கே அதற்கு அப்புறம்தான் விளக்கு வந்தது. கிளப், கோல்ஃப் மைதானம், பங்களாக்கள் என்று 'குட்டி இங்கிலாந்து' எனப் பேர் வாங்கிய இடம். மண்ணைக் கிளறாமல் சுற்றுலாத் தலமாக ஆக்கினால் என்ன?

மாரிக்குப்பத்தான்:
குட்டி இங்கிலாந்து யாருக்கு சார்? அந்தக் கரண்ட் வந்தது சுரங்கத்து மெஷின்களுக்கு. எங்க முப்பாட்டனுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வீடு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து வந்த சனம், பாதிக்குமேல் சேரி சனம், பண்ணையாருக்குக் கும்பிடு போடுவதற்குப் பூமிக்குள்ளே போவதே மேல் என்று வந்தவர்கள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கு மேல் ஆழம், அடியில் பாறையைத் தொட்டால் கை சுடும், ஏர் பிளாஸ்ட், அதாவது அழுத்தத்தில் பாறை வெடிப்பது, வந்தால் மேலே லைன் வீட்டில் (தொழிலாளிகளின் வரிசை வீடு) பாத்திரம் உருளும். தாத்தா ரிட்டயர் ஆனபின் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியேதான் தூங்குவார், படுத்தால் மூச்சு வராது.

ஊரிகம் பேத்தி:
இதில் அண்ணன் கட்சிதான் நானும். பங்களாவைக் காட்டி டிக்கெட் விற்கலாம். அப்பாதுரையார் சாம்பியன் ரீப்ஸில் சித்தார்த்தா புத்தகசாலை நடத்தி தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் எழுத்தை அச்சில் கொண்டுவந்ததை எந்த கைடு சொல்வார்? 1946-ல் போலீஸ் சுட்டு ஆறு தொழிலாளிகள் செத்ததை?

பெங்களூர்வாசி:
அதையும் சேர்த்துக் காட்டலாமே. 1965-ல் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்ததும் அந்தச் சுரங்கத்துக்குள்தான். ஆராய்ச்சிக்கூடமாவது வந்திருக்கலாம்.

மாரிக்குப்பத்தான்:
வந்திருக்கலாம். பம்பை நிறுத்திய பிறகு கீழே எல்லாம் தண்ணீர். அதனால்தான் மேலே இருப்பதையாவது எடுக்கச் சொல்கிறேன், நான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. நாலு பேர் வேலை என்றாலும் நம்ம நாலு பேர்.

ஊரிகம் பேத்தி:
அந்த நாலு பேரும் நம்ம ஆட்கள்தான் என்று எழுத்தில் வாங்கித் தருவீர்களா? அது இருக்கட்டும். முதலில் லைன் வீட்டுக்குப் பட்டா. மூணு தலைமுறையாகக் குடியிருந்தும், இந்தச் சுவர் என்னுடையது என்று காட்ட ஒரு காகிதம் இல்லை. மெஷின் வந்து இடம் வேண்டும் என்றால் முதலில் காலி செய்யச் சொல்வது யாரை?

மாரிக்குப்பத்தான்:
பட்டா கேட்டு மனு எழுது, முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் மண் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

ஊரிகம் பேத்தி:
நானும்தான் அண்ணே. பங்காரப்பேட்டையில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது, உட்கார இடம் கிடைத்திருக்கிறது. ஊர் வரும்வரை கொஞ்சம் தூங்குகிறேன்.