பழைய அவுட்போர்டு எஞ்சின்: 600 மணிநேரம்தான் ஓடியதாம், நம்பலாமா?

உவரிக்காரன்:
அண்ணன்மாரே, கூத்தங்குழியில் ஒரு ஃபைபர் வள்ளம், பின்னால் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோடு விலைக்கு வருகிறது. மூன்று வருடத்தில் 600 மணிநேரம்தான் ஓடியது என்கிறார் விற்பவர். ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் கிடையாது.

இடிந்தகரை மெக்கானிக்:
தம்பி, தொழிலுக்குப் போகும் வள்ளம்தானே? நாளுக்கு 4 மணி, வருடத்துக்கு 200 நாள் என்றாலே மூன்று வருடத்தில் 2,400 வருகிறது. சரி, மணியை விடும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணிப் பாரும். இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) பாரும்; பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். அப்புறம் கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றி கியர் ஆயிலைப் பாரும். பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. இதைப் பார்க்காமல் வாங்கித்தான் ஓர் இரவு முழுக்க நடுக்கடலில் கிடந்தேன். அந்தக் குளிர் இன்னும் மறக்கவில்லை.

பெருமணல் வாசகர்:
ஓடும்போது கூலிங் தண்ணீர் பீறிட்டு வருகிறதா என்றும் பாருங்கள். சொட்டினால் தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் தேய்ந்திருக்கலாம், இல்லை உப்பு அடைத்திருக்கலாம்.

உவரிக்காரன்:
இன்று காலையில் போனேன். கம்ப்ரஷன் சரி. ஆயில் மோர் மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றி அண்ணே.