அப்பாவின் குறட்டை: புதுப்பிப்பு

கல்லடியில் எங்களோடு இருக்கும் அப்பா குறட்டையின் நடுவே திடீரென மூச்சடங்கி, பின்பு திணறி விழிப்பதையும், பகலில் பத்திரிகையைக் கையில் பிடித்தபடியே தூங்கி விழுவதையும் இரண்டு மாதங்களுக்கு முன்பு எழுதியிருந்தேன். வயதுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள் என எச்சரித்தவர்களுக்கு நன்றி.

அம்மா ஓர் இரவு கண்விழித்துக் கைபேசியில் எடுத்த ஒளிப்பதிவுதான் பெரிதும் உதவியது. முதலில் பார்த்த வைத்தியர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட, இரண்டாமவர் அந்த ஒளிப்பதிவைப் பார்த்ததுமே கழுத்தின் சுற்றளவை அளந்து, தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். குறைந்தது 10 விநாடிகள் மூச்சு நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ எண்ணி, அது மணிக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் நிகழ்ந்தால் இந்தத் தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் அப்னியா) கடுமையானது என்கிறார்கள், அப்பாவுக்கு 38. மாத்திரைகளுக்கு அடங்காத இரத்த அழுத்தத்துக்கும் இது காரணமாக இருக்கலாமாம்.

இப்போது சீபாப் இயந்திரம் பாவிக்கிறார். முகமூடி வழியாக அது செலுத்தும் காற்றின் அழுத்தம், உறக்கத்தில் தளரும் தொண்டைத் தசைகள் சுவாசப்பாதையை அடைத்துவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. முதல் வாரம் முழுவதும் நள்ளிரவில் அதைக் கழற்றி எறிந்தார். மூக்கின் மேல் சிவந்த தடம், ஓரத்தால் கசிந்த காற்றோ நேரே கண்ணுக்குள். சிறிய அளவு முகமூடி மாற்றிய பிறகே (இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்) பழகினார். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம்.

போன ஞாயிறு பத்திரிகையைக் கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்தார். மோட்டார் சைக்கிள் திறப்பை மட்டும் அம்மா இன்னும் கொடுக்கவில்லை.