விடியற்காலையிலும் இலை துவண்டிருந்தால்தான் எனக்குக் கவலை

பூசணிக் கொடியை உச்சி வெயிலில் பார்த்தால் யாருக்கும் மனசு பதறும். அகன்ற இலையெல்லாம் குடை மடக்கின மாதிரி தொங்கும். மண்ணைக் கிளறினால் ஈரம் இருக்கும். இலை ஆவியாக விடுகிற வேகத்துக்கு வேரால் நீரை ஏற்றிக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். இரவு முழுக்க நீர் ஏறியும் விடியற்காலையில் விறைப்பு திரும்பவில்லை என்றால்தான் செடி தவிக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். உங்கள் செடிகளில் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறீர்கள்?

* * *

மக்காச்சோளம் துவளாது, சுருளும். இலையின் மேல்தோலில் உள்ள பெரிய செல்கள் நீர் வற்றிச் சுருங்குவதால் இரண்டு ஓரமும் மேலே மடிந்து குழல் போலாகிவிடும். வெயில் படும் பரப்பு குறையும், நீர் இழப்பும் குறையும். மதியம் சுருண்டு மாலையில் விரிந்தால் நான் பொறுத்திருப்பேன். காலையிலேயே சுருண்டிருந்தால், அதுவும் பூக்கும் பருவத்தில், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன். அப்போது காய்ந்தால் கதிரில் மணி பிடிக்காது.

* * *

தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் இதையும் கவனியுங்கள். தெரிந்தவர் வீட்டுச் செம்பருத்தி தளர்ந்து தொங்க, அவர் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். தொட்டியைத் தூக்கினேன், கனத்தது. அடியில் உள்ள துளை அடைபட்டிருந்தது. செடியைக் கவிழ்த்து எடுத்தால் வேர் பழுப்பேறி, தொட்டதும் தோல் உரிந்து வந்தது, நாற்றம் வேறு. மண்ணில் காற்று இல்லாவிட்டால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரில் நின்றுகொண்டே இலை வாடும். பார்வைக்கு வறட்சி போலவேதான் இருக்கும். அதனால் இலை தொங்கினால் முதலில் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், வாளியை அப்புறம் எடுக்கலாம். அழுகிய வேரை வெட்டிவிட்டு, நீர் வடியும் மண்ணில் அதை மாற்றி நட்டோம். பிழைத்துவிட்டது.

* * *

மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட வறட்சியில் மரம் இலையைக் கொட்டினால் செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். இருக்கிற நீரைக் காப்பாற்றத்தான் பல மரங்கள் அப்படிச் செய்கின்றன. சிறு கிளையில் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. அடிமரத்தை ஒட்டி ஊற்றாமல், கிளை விரிந்திருக்கும் எல்லையைச் சுற்றி, மண் ஆழமாக நனையும்படி மெதுவாக விடுங்கள். ஓரம் கருகிய இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்து வரும் தளிர் கருகாமல் முழு அளவுக்கு விரிகிறதா என்று பாருங்கள்.