விளையாட்டுத் தொகுப்பாளராக விரும்பும் அக்கா மகளுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். பொங்கல் கபடிப் போட்டியில் டிராக்டர் பெட்டியின் மேல் நின்று மைக் பிடிப்பவள் என் அக்கா மகள். எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போது, பின்காலைத் தூக்கியபடி போனஸ் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி என்பதை, 30 விநாடி ரெய்டு முடிவதற்குள் கிழவிகளுக்கும் புரியவைத்துவிடுவாள்.

2017-இல் தமிழ் தலைவாஸ் புரோ கபடிக்கு வந்ததிலிருந்து தொலைக்காட்சிக் கனவு. ஒரு பயிற்சி நிலையம் பணத்தை வாங்கிக்கொண்டு செய்தி வாசிக்க மட்டும் கற்றுக்கொடுத்தது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

காதுக்குள் தயாரிப்பாளர் பேசிக்கொண்டே இருக்க, வாய் தடுமாறாமல் பேசுவதை வீட்டிலேயே எப்படிப் பழகுவது? மாதிரி வீடியோவில் திடல் வர்ணனை போதுமா, கேமராவைப் பார்த்துப் பேசியதும் வேண்டுமா? பேச்சில் தஞ்சாவூர் வாடை அடிக்கிறது, அது குறையா? விளையாட்டு அலைவரிசைகளில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.