பஸ்ஸில் தொலைந்த போன்: ஐஎம்இஐ நம்பர் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

கோட்டையூர் பலகாரம்:
பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை முடித்து காரைக்குடி பஸ் ஏறும்போது கையில் இருந்த போன், பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இல்லை. கண்டக்டர் தம்பி சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடிப் பார்த்துவிட்டார். கூப்பிட்டால் முதலில் மணி போனது, அப்புறம் சுவிட்ச் ஆஃப். போன் போனால் போகட்டும். மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று கல்யாண ஆர்டர் மொத்தமும் அந்த வாட்ஸ்அப்பில்தான் கிடக்கிறது. மலேசியாக்காரர்கள் நம்பரும் அதில்தான். மகன் பரணில் இருந்து போன் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். போனின் அடையாள நம்பராம், ஐஎம்இஐ என்று 15 இலக்கத்தில் இரண்டு நம்பர் இருக்கிறது. 800 ரூபாய் அனுப்பினால் இந்த நம்பரை வைத்து மேப்பில் இடத்தைக் காட்டுவதாக பேஸ்புக்கில் ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா? இரண்டில் எந்த நம்பரைக் கொடுப்பது?

செக்காலை செல் சர்வீஸ்:
ஆச்சி, அந்தப் பணத்துக்கு இரண்டு படி பச்சரிசி வாங்குங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் போனில் யாராவது சிம் போட்டு டவர் பிடித்தால்தான் ஐஎம்இஐ நெட்வொர்க்குக்குத் தெரியும். அந்த விவரம் சிம் கம்பெனிக்கும் போலீசுக்கும்தான் போகும். பேஸ்புக்காரருக்கு எப்படிக் கிடைக்கும்? இரண்டு சிம் போன் என்பதால் இரண்டு நம்பர், போலீஸ் புகாரில் இரண்டையும் கொடுங்கள்.

முதலில் பேங்க்குக்குச் சொல்லி ஜிபே, போன்பேயை நிறுத்துங்கள். அடுத்து அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம். புது சிம்மில் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் வரை ஆகலாம், ஓடிபி வரவில்லையே என்று பதற வேண்டாம். அந்த நேரத்தில் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிடுங்கள். பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை ஐஎம்இஐ வைத்து பிளாக் செய்யும் சிஇஐஆர் பக்கம் போய், ரசீது, பில், ஆதார் ஏற்றி, ஓடிபி போட்டால் ஒரு ரிக்வஸ்ட் ஐடி தருவார்கள். 2023 மே மாதத்தில் இருந்து நாடு முழுக்க இது இருக்கிறது. பிளாக் ஆன போனில் இந்தியாவில் எந்தக் கம்பெனி சிம்மும் வேலை செய்யாது.

தேவகோட்டை ரஸ்தா:
ஸ்பேர் பார்ட்ஸாகப் பிரித்து விற்றுவிட்டால் இந்த நம்பரை வைத்து என்ன செய்ய?

செக்காலை செல் சர்வீஸ்:
பிரித்தால் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் ஐஎம்இஐயை மாற்றி விற்றால், 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 வருடம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம். நம் கடைக்கும் 'நம்பர் மாத்தித் தாங்க' என்று வருகிறார்கள். வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

கானாடுகாத்தான் மாப்பிள்ளை:
ஆச்சி, பிளாக் பண்ணும் முன்னால் மகனிடம் சொல்லி, உங்கள் ஜிமெயிலில் தொலைந்த போனைத் தேடும் கூகுளின் ஃபைண்ட் ஹப் திறந்து போனைப் பூட்டச் சொல்லுங்கள். போன் ஆன் ஆகி நெட் கிடைத்தால் இடமும் காட்டும். பெட்டி இல்லாதவர்களுக்கும் ஐஎம்இஐ அங்கேயே கிடைக்கும்.

கோட்டையூர் பலகாரம்:
பூட்டியாச்சு தம்பி, புகாரும் கொடுத்தாச்சு. டூப்ளிகேட் சிம்மை மகன் போனில் போட்டதும் பேக்கப்பில் இருந்து வாட்ஸ்அப் வந்துவிட்டது. ஆர்டர் எல்லாம் பத்திரம். இனி சிஇஐஆர் வேலைதான் பாக்கி. நாளைக்குப் போன் கையில் கிடைத்தால் அப்படியே சிம் போட்டுப் பேசலாமா?

செக்காலை செல் சர்வீஸ்:
முடியாது ஆச்சி. அதே தளத்தில் ரிக்வஸ்ட் ஐடியைக் கொடுத்து அன்பிளாக் செய்த பிறகுதான் டவர் எடுக்கும். ஐடியை ஆர்டர் நோட்டிலேயே எழுதி வையுங்கள்.