புதுப்பிப்பு: போர்தோவில் அப்படி என்னதான் மாறியது?

நான் படித்த காலத்தில் உயிராக நேசித்த பிரெஞ்சு நகரமான போர்தோ இப்போது அடையாளமே தெரியவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். என்ன மாறியது என்று பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

முதலில் நிறம். 1990களில் புகை படிந்து கறுத்துக் கிடந்த சுண்ணாம்புக்கல் கட்டடங்களைச் சுத்தம் செய்து, இப்போது கரோன் ஆற்றங்கரை முழுக்க வெளிர்மஞ்சளாக நிற்கிறது. கரையை மறைத்த சரக்குக் கிடங்குகள் பெரும்பாலும் போய்விட்டன, 2003-இல் டிராம் வந்தது (நகர நடுவில் மேலே கம்பியே கிடையாது, தரையிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது, மனதாரப் பாராட்டுகிறேன்), 2006-இல் பூர்ஸ் சதுக்கத்துக்கு எதிரே வானத்தைப் பிரதிபலிக்கும் நீர்த்தளம், மறு வருடம் யுனெஸ்கோ பட்டியல். அழகுதான், சந்தேகமில்லை.

என்னை உறுத்துவது வாடகை. முன்பே ஏறிக்கொண்டிருந்ததுதான், ஆனால் 2017 ஜூலையில் அதிவேக ரயில் பாதை திறந்து பாரிஸ் இரண்டு மணி நேரத் தூரமானதும், பாரிஸ்காரர்களே திரும்பிப் போங்கள் என்று சுவர்களில் ஸ்டிக்கர் ஒட்டும் அளவுக்கு ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது. 2022-இல் வாடகைக்கு உச்சவரம்பே கொண்டுவர வேண்டியதாயிற்று. சேன் மிஷேல் பக்கம் நான் இருந்தது போன்ற ஓர் அறை இன்று ஒரு சாதாரண மாணவருக்கு எளிதில் கிடைக்காது, அதுதான் வலிக்கிறது.

அப்புறம், கப்யூசேன் சந்தை பற்றிக் கேட்டவருக்கு: இருக்கிறது. ஞாயிறு காலையில் போங்கள், பக்கத்து ஆர்க்காஷோன் கடற்கரையின் சிப்பி சாப்பிடலாம்.