பின் ஹவுசிங்கில் ஒரு தகர டப்பா: பழைய லாரிகளில் நீங்கள் பார்த்த புரியாத பாகம் எது?

ராசிபுரத்தான்:
பெட்ஃபோர்டு. பெட்ரோல் எஞ்சினை எப்போதோ இறக்கிவிட்டு டீசல் ஏற்றியிருக்கிறார்கள். பின் ஹவுசிங்கில், அதாவது பின் ஆக்சிலின் கூட்டில், வட்டமாக ஒரு தகர டப்பா, ரப்பர் ஹோஸ் அறுந்து தொங்குகிறது. பட்டறையில் எல்லோரும் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் என்றார்கள். பிரேக் பைப் ஒன்றுகூட அதற்குப் போகவில்லையே! ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் மூன்று சுற்றும் கொஞ்சமும் போனது. டப்பாவின் ராடை நெம்பினேன். உள்ளே 'டக்'. மறுபடி சுற்றினால் நாலைத் தாண்டுகிறது! ஈட்டன் டூ ஸ்பீடு ஆக்சில், இரண்டு ரேஷியோ மாற்றக்கூடியது. ரேஷியோ, அதாவது பின் சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது, மூன்று, நாலு.

டீசல்மணி:
எங்களுடையது ஃபார்கோ. கியர்பாக்ஸை ஒட்டிப் பின்னால் ஒரு டிரம். அதுதான் ஹேண்ட்பிரேக் என்று தெரியாமல் யாரும் இல்லை, ஆனால் அதன் குணம் தெரியாது: அது பிடிப்பது ஷாஃப்டை, சக்கரங்களை அல்ல. பஞ்சருக்காக ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின் சக்கரத்தைத் தூக்கினோம். சரிவு வேறு. தரையில் இருந்த சக்கரம் முன்னால் உருள, தூக்கிய சக்கரம் பின்னால் சுற்றுகிறது. நடுவில் ஷாஃப்ட் அசையவே இல்லை! ஜாக்கி சாய்ந்ததும் ஓடிவிட்டோம்.

பினியன்பாய்:
ராசிபுரத்தாரே, ரேஷியோ தப்பு. மூன்று ரேஷியோவில் எந்த லாரி சுமை இழுக்கும்? நடுவில் டிஃபரன்ஷியல் இருப்பதால், ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால்தான் ஷாஃப்டின் சுற்று ரேஷியோவாக வரும். உங்களுடையது ஆறுக்கு மேல், எட்டுக்கு மேல். அந்த டப்பா ரேஷியோவை மாற்றுவதற்கு, பெட்ரோல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் மேனிஃபோல்டின் வேக்குவத்தில் வேலை செய்வது. டீசலில் பெரும்பாலும் அந்த இழுப்பு கிடைக்காது, தனிப் பம்ப் வேண்டும். அதனால்தான் ஹோஸை அப்படியே விட்டிருப்பார்கள். அப்புறம், ஹவுசிங்கில் புடைப்பாக இருக்கும் நம்பரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அது வார்ப்பு நம்பர், பார்ட் நம்பர் இல்லை. ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய கியரான கிரவுனின் பல்லையும், அதைச் சுற்றவைக்கும் சின்ன கியரான பினியனின் பல்லையும் எண்ணுங்கள். ஃபார்கோகாரர் டாட்ஜ், டிசோட்டோ சாமானையும் தேடலாம், பெரும்பாலும் முகப்பில் பெயர்தான் வேறு. பின் சக்கரத்தைத் தூக்கும் முன் மற்றதற்குக் கட்டை போடுங்கள். ஆயிலும் பாருங்கள்.

டீசல்மணி:
கட்டை போட்டிருந்தோம் அண்ணே. கல்லு. நசுங்கிவிட்டது.

ராசிபுரத்தான்:
ஆறோ எட்டோ இருக்கட்டும். அந்த டப்பாவுக்குள் இருக்கும் டயஃப்ரம், வேக்குவம் இழுக்கும் அந்த மெல்லிய தகடு, கிழிந்திருக்கிறது. எங்கே கிடைக்கும், அதை யாராவது சொல்லுங்களேன்.